படியேற முடியாதவருக்குப் பிட்டோன் ரூம் இல்லையா?

கேள்வி: கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். 2009இல் செல் விழுந்து இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள், பொய்க்கால் போட்டுத்தான் நடக்கிறேன். மருமகளின் சாமத்திய வீட்டுக்கு உடுப்பெடுக்க ஏ9 வீதியில் ஒரு பெரிய உடுப்புக்கடைக்குத் தங்கச்சியோடு போனேன். உடுப்பைப் போட்டுப் பார்க்கும் பிட்டோன் ரூம் மேல்மாடியில், படிதான், லிஃப்ட் இல்லை. கீழே மூலையில் திரை கட்டிய ஒரு இடம் இருந்தது. உள்ளே ஒரு கதிரைகூட இல்லை, தங்கச்சியையும் விடவில்லை, "ஒராள்தான் போகலாம்" என்றார்கள். விற்பனை செய்ய நின்ற பிள்ளை "வீட்ட கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கோ அக்கா, அளவு சரியில்லையெண்டா மாத்தித் தாறம்" என்று சொன்னதை நம்பி ஒரு சுரிதார் செற் வாங்கினேன். காற்சட்டை பொய்க்காலின் பாதத்தைத் தாண்டவே இல்லை. அடுத்த நாள் கொண்டுபோனால் முதலாளி சுவரில் இருந்த "விற்ற பொருட்கள் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்ற போட்டைக் காட்டி அனுப்பிவிட்டார். ஏதும் செய்யலாமா?

பதில்: செய்யலாம் அக்கா. உடுப்பு ஒரு பிரச்சினை, அறை இன்னொரு பிரச்சினை, இரண்டையும் கலக்காதீர்கள். கலந்தால் கடைக்காரர் ஒரு சுரிதாரை மாற்றித் தந்துவிட்டு எல்லாம் முடிந்தது என்பார்.

முதலில் உடுப்பு. அளவு சரியில்லை என்பதற்காக மட்டும் நல்ல உடுப்பைக் கடை திருப்பி எடுக்கவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, இதை நான் மறைக்கவில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் அந்தப் பிள்ளை சொன்ன ஒரு வசனம் இருக்கிறது. மாற்றித் தருவோம் என்று சொல்லி, அதை நம்பி நீங்கள் காசு கொடுத்திருந்தால் அது கடை கொடுத்த உத்தரவாதம், சுவரில் தொங்கும் போட் அதை அழிக்காது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருள் விற்றால் முறைப்பாடு செய்ய இடம் தருகிறது. எழுத்தில் செய்யவேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள். விசாரித்துவிட்டுப் பொருளை மாற்றவோ காசைத் திருப்பவோ உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் எங்கே எப்படிக் கொடுப்பது என்று சொல்வார்கள். பில்லை வைத்திருங்கள், உடுப்பை உடுக்கவோ தோய்க்கவோ வேண்டாம், உடுப்பில் தொங்கும் விலைச்சீட்டு (ரக்) அப்படியே இருக்கட்டும். தங்கச்சி பக்கத்தில் நின்று கேட்டவர், அவர்தான் சாட்சி. அந்தப் பிள்ளை சொன்னதைச் சொன்ன மாதிரியே இன்றைக்கே எழுதித் திகதி போட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இனி அறை. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவை யாராவது வாசித்துக் காட்டினால் உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். மற்றப் பொதுமக்கள் போய்வரக்கூடிய எந்தக் கட்டடத்தையும் இடத்தையும் பயன்படுத்துவதில், மாற்றுத்திறனைக் காரணமாக வைத்து ஒருவருக்குத் தடையோ கட்டுப்பாடோ நிபந்தனையோ போடக்கூடாது. அரச அலுவலகம் என்று மட்டும் சொல்லவில்லை, தனியார் கடையும் அதற்குள் வரும். கடைக்குள் விட்டோமே என்று அவர்கள் சொல்லலாம். ஆனால் படியேறக்கூடிய பெண் உடுப்பைப் போட்டுப் பார்த்து வாங்குகிறாள், நீங்கள் பார்க்காமல் வாங்கவேண்டியிருக்கிறது. பிரிவு பயன்படுத்துவதையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

பழைய கட்டடம், என்ன செய்வது என்று முதலாளி சொன்னால் நம்பாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் கட்டடங்களுக்குள் போய்வர வேண்டிய அணுகும் வசதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வந்தவை. புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்கள் அவற்றைப் பின்பற்றியே ஆகவேண்டும் என்று உயர் நீதிமன்றமும் 2009 ஏப்ரலில் உத்தரவிட்டது. அந்த ஏப்ரலில் கிளிநொச்சி எப்படிக் கிடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கு ஏ9 கரையில் கண்ணாடி போட்டு நிற்கும் மாடிக் கடைகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவை. காலை இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் ஊரில், விதி வந்த பிறகு கட்டிய கடையில், கீழே ஒரு நல்ல அறை வைக்க மனம் வரவில்லை என்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

அதனால் முதல் வேலை முதலாளிக்கு ஒரு கடிதம், பதிவுத் தபாலில். திருத்தவேண்டும் என்று மொட்டையாக எழுதாமல் என்ன வேண்டும் என்று கேளுங்கள்: கீழ்த்தளத்தில், தாழ்ப்பாள் உள்ள கதவோடு, சக்கர நாற்காலி நுழைந்து திரும்பக்கூடிய ஒரு அறை, ஆடாத இருக்கை, பிடித்து எழும்பச் சுவரில் கம்பி, இருந்தபடியே எட்டும் கொளுக்கி, உதவிக்கு ஒருவரைக் கூட்டிச்செல்ல அனுமதி. ஏன் என்பதையும் எழுதுங்கள். பொய்க்காலின் கணுக்கால் மடியாது, ஒடுங்கிய காற்சட்டையை இருந்து, பாதத்தைச் சரித்து, இன்னொருவர் இழுத்துவிட்டால்தான் ஏறும். உங்களுக்கு இது சொல்லத் தேவையில்லாத விஷயம், ஆனால் இரண்டு காலிலும் நிற்கிற முதலாளிக்கு இது தெரியவே தெரியாது. ஒராள்தான் என்பது களவைத் தடுக்கக் கடை போட்ட விதி, எத்தனை உடுப்பு உள்ளே போகிறது என்று எண்ணிக் கொடுத்தாலே அந்தப் பயம் தீரும். இரண்டு கிழமை தவணை கொடுங்கள்.

அடுத்தது பிரதேச சபை. கடை நகருக்குள் என்றால் கரைச்சி பிரதேச சபைதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அந்தக் கட்டடத்துக்கு எந்த ஆண்டு அனுமதி கொடுத்தீர்கள், வரைபடத்தில் அணுகும் வசதி காட்டப்பட்டதா, அனுமதித்த வரைபடப்படி கட்டியதாகச் சொல்லும் இணக்கச் சான்றிதழ் உண்டா என்று மூன்று கேள்வி கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும். பல கடைக்காரர்கள் வழக்கை விட இந்தக் கேள்விகளுக்குத்தான் கூடப் பயப்படுவார்கள்.

இரண்டும் பலிக்கவில்லை என்றால் 1996 சட்டத்தின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அடிப்படை உரிமை வழக்குப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை கடைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறதுதான், ஆனால் அங்கே இனம், மதம், மொழி, சாதி, பால் என்றுதான் இருக்கிறது, மாற்றுத்திறன் இல்லை. தனியார் கடைக்கு எதிராக அந்த வழி திறக்கவும் மாட்டாது.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் பார்த்து இலவசமாக எடுப்பார்கள். போகும்போது பில், தங்கச்சியின் எழுத்து, கடிதத்தின் பிரதி, தபால் பற்றுச்சீட்டு, பொய்க்கால் தந்த இடத்தின் மருத்துவக் காகிதம் எல்லாம் கையில் இருக்கட்டும், முடிந்தால் அந்தப் படியையும் திரையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே ஆட்கள் இல்லாத நேரத்தில்.