சாண எரிவாயுக் கலன் இருந்தால் போதுமா?

கேள்வி: எங்களுக்கு நிலம் கிடையாது. தீவனம் முழுவதையும் விலைக்கு வாங்கி, கொட்டிலிலேயே 20 கறவை மாடுகள் வைத்திருக்கிறோம். சாணம் மொத்தமும் எரிவாயுக் கலனுக்குப் போய்விடுகிறது. இதற்கு மேலும் மாசு உண்டா?

பதில்: உண்டு. கலன் எரிவாயுவாக மாற்றுவது சாணத்திலுள்ள கரிமத்தைத்தான். தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உள்ளே போன அளவிலேயே கழிவுக்குழம்பாக வெளியே வந்துவிடும். அதிலும் தழைச்சத்தில் அம்மோனியப் பங்கு கூடிவிடுவதால், திறந்த குழியில் தேக்கினால் பச்சைச் சாணத்தைவிட எளிதாக ஆவியாகும். மிச்ச மீத்தேனும் அதிலிருந்து கசியும். குழியை மூடி, அந்த வாயுவையும் கலனோடு இணையுங்கள். மாடு அசைபோடும்போது வாய் வழியே விடும் மீத்தேன், ஆண்டுக்கு 70 முதல் 120 கிலோ. அதைக் கலனால் எதுவும் செய்ய முடியாது.

பெரிய சிக்கல் நிலக்கணக்கில் இருக்கிறது. அதிகம் கறக்கும் மாடு ஆண்டுக்குச் சுமார் 100 கிலோ தழைச்சத்தைக் கழிக்கும். 20 மாடுகளுக்கு 2,000 கிலோ. ஐரோப்பிய ஒன்றிய நைட்ரேட் விதி, நைட்ரேட் மாசு அபாயமுள்ள பகுதிகளில் பொதுவாக ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ எருத் தழைச்சத்துக்கு மேல் போடவிடாது. அந்த அளவை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு ஏறத்தாழ 12 ஹெக்டேர் வேண்டும். சொந்த நிலமாக இருக்கத் தேவையில்லை. ஆனால் எருவை வாங்கிக்கொள்ளும் உழவர்கள் உறுதியாக இருக்க வேண்டும். குழம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் வண்டிச்செலவு கட்டுப்படியாகாமல், பக்கத்திலுள்ள ஒரே வயலில் கொட்டிவிடுகிறார்கள். பயிர் எடுத்தது போக மீதி நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் இறங்குகிறது. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குழம்பைத் திருகு அழுத்தியில் பிழிந்தால் சக்கையைத் தொலைவுக்கு அனுப்பலாம். ஆனால் தழைச்சத்தில் பெரும்பங்கு பிழிந்த நீரிலேயே தங்கிவிடும்.

கேள்வி: கொட்டிலில் கண் எரிகிறது. தினமும் கழுவியும் பலனில்லை.

பதில்: மூத்திரத்திலுள்ள யூரியாவைச் சாணத்திலுள்ள நொதி சில மணி நேரத்திலேயே அம்மோனியாவாக உடைத்துவிடும். இரண்டும் கலக்காமல் இருப்பதே முக்கியம். தரைக்கு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு கொடுத்து, மூத்திரம் உடனே வடிய வழி செய்யுங்கள். சாணத்தை நாளில் பல முறை வழித்தெடுங்கள். வழிக்காமல் கழுவினால் குழிக்குத் தண்ணீர்தான் கூடும். தீவனத்தையும் பாருங்கள்: மிகையான புரதம் மூத்திரத்தில் யூரியாவாகத்தான் போகும். 18 சதவீதப் புரதம் கொடுப்பவர்கள், பாலின் யூரியா அளவைப் பார்த்துக்கொண்டே 16-க்குப் படிப்படியாக இறக்கலாம்.

கேள்வி: மாடுகளின் குளம்பு நனைக்கும் மயில்துத்தக் (தாமிர சல்பேட்) கரைசலை எருக்குழியில் ஊற்றலாமா? அந்த எரு போகும் வயலில் செம்மறிகள் மேய்கின்றன.

பதில்: கூடவே கூடாது. 200 லிட்டர் தொட்டியில் 5 சதவீதக் கரைசல் என்றால் 10 கிலோ மயில்துத்தம். அதில் தாமிரம் மட்டும் இரண்டரை கிலோ. தாமிரம் மக்காது, மண்ணிலேயே சேரும். கலனின் நுண்ணுயிர்களையும் முடக்கும். செம்மறியோ தாமிரத்தை ஈரலில் சேர்த்துக்கொண்டே போய், ஒருநாள் மஞ்சள் காமாலையும் செந்நிற மூத்திரமுமாகச் சாய்ந்துவிடும். (மாட்டுக்கான தாதுக் கலவையை ஆட்டுக்குப் போடுவதும் இதே காரணத்தால் ஆபத்து.) குளம்பைக் கழுவிய பிறகே தொட்டியில் இறக்குங்கள், கரைசல் கூடுதல் நாள் தாங்கும். பயன்படுத்திய கரைசலை அபாயக் கழிவு எடுக்க உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படையுங்கள்.