தாத்தாவோட நன்னாரி பாகும் என்னோட பர்பனும்: கேள்வி பதில்

எங்க தாத்தா மதுரை கீழவாசல் பக்கம் தள்ளுவண்டில நன்னாரி சர்பத் போட்டவரு, ஒரு சொட்டு சரக்கு தொட்டதில்ல. பேரன் நான் வீட்ல பர்பன் வச்சு காக்டெயில் போட்டுக்கிட்டு இருக்கேன். தீபாவளிக்கு வந்த சொந்தபந்தமெல்லாம் ஆளுக்கொரு கேள்வி கேட்டுட்டுப் போச்சு, அதுக்கெல்லாம் சேத்து பதில் இது. 21 வயசு ஆகாதவங்க சர்பத்தோட நிறுத்திக்கங்க.

மேலூர் தம்பி: அண்ணே, பர்பனும் விஸ்கிதான, அதுக்கு எதுக்கு தனிப் பேரு?

விஸ்கிதான் தம்பி, ஆனா பேருக்கு சட்டமே இருக்கு. அமெரிக்கால செஞ்சிருக்கணும், போடுற தானியத்துல குறைஞ்சது 51% மக்காச்சோளம் இருக்கணும், உள்பக்கம் தீயில கருக்குன புது ஓக் பீப்பாயில வச்சிருக்கணும், பாட்டில்ல ஆல்கஹால் 40%க்கு கீழ போகக்கூடாது, கலரு எசன்ஸ் எதுவும் சேக்கக்கூடாது. அமெரிக்கால கென்டக்கி மாநிலத்துல செஞ்சாதான் பர்பன்னு ஒருத்தன் அடிச்சு சொல்லுவான், நம்பாதீங்க, பெரும்பங்கு அங்க செய்யுறாங்க அவ்ளோதான். ஜாக் டேனியல்ஸ் டென்னசி மாநிலத்து விஸ்கி, மேப்பிள் கரியில வடிகட்டி செய்யுறது, அவங்க பர்பன்னு போட்டுக்குறதில்ல.

திருமங்கலம் மாப்ள: எசன்ஸ் கிடையாதுங்குற, அப்பறம் எப்படி மாமா வெனிலா ஐஸ்கிரீம் வாசம் வருது?

மரம்தான் மாப்ள. ஓக் கட்டைல லிக்னின்னு ஒண்ணு இருக்கு, சூட்டுல அது உடைஞ்சு வெனிலின் ஆகுது, மரத்துல இருக்குற சர்க்கரையும் கருகி பாகு வாசம் குடுக்குது. புது மண்பானைல மொத நாள் ஊத்துன தண்ணி எப்படி மணக்கும், பத்து நாள் கழிச்சு அந்த மணம் இருக்குமா? அதே கததான். மொத வாசம் பூராம் பர்பன் எடுத்துக்கும், காலிப் பீப்பாய் நெறைய ஸ்காட்லாந்துக்குப் போய் ஸ்காட்ச் ஊறப்போட ஆகும்.

அலங்காநல்லூர் அண்ணன்: மொத பாட்டில் எது வாங்கலாம்ப்பா, வெல தாறுமாறா இருக்கே?

காரம் வேணாம்னா மேக்கர்ஸ் மார்க் வாங்குங்கண்ணே, அதுல ரைங்குற காரமான தானியத்துக்குப் பதிலா கோதுமை போடுறாங்க, மெதுவா இறங்கும். மொளகு மாதிரி சுர்ருன்னு வேணும்னா புல்லட்னு ஒரு பர்பன் இருக்கு, அதுல ரை ஜாஸ்தி. வெலைக்கு காரணம் வரி, 2025 பிப்ரவரில பர்பனுக்கு இறக்குமதி வரிய 150%ல இருந்து 100% ஆக்குனாங்க, அதுக்கு மேல மாநில வரி வேற இருக்கு. அதனாலதான் சொல்றேன், ஒரு பாட்டில் மாசக்கணக்குல வரணும். நிமித்தி வைங்க, படுக்க வச்சா கார்க்கு கெட்டுப்போகும், மொட்டமாடி ரூம்ல வெயில் படுற எடத்துலயும் வேணாம்.

பெங்களூர்ல இருக்குற தங்கச்சி: ஷேக்கர், ஜிக்கர்னு ஆன்லைன்ல ஆயிரக்கணக்குல சொல்றாங்க, வாங்கித்தான் ஆகணுமாண்ணே?

வேணாம்மா. ஹார்லிக்ஸ் பாட்டில்தான் என் ஷேக்கர், டீ வடிகட்டிதான் வடிகட்டி, அளக்குற ஜிக்கருக்குப் பதிலா இருமல் மருந்து மூடி. மூடிய மட்டும் இறுக்கிப் புடி, நான் ஒரு தடவ முட்ட வெள்ளைக்கரு போட்டு குலுக்குறப்ப மூடி கழண்டு சீலிங் ஃபேன் வரைக்கும் போச்சு, இன்னும் கறை இருக்கு. ஐஸ் பெருசா இருக்கணும், நம்மூர் வெயிலுக்கு சின்ன கட்டி ரெண்டு நிமிசத்துல தண்ணி ஆயிரும், சின்ன எவர்சில்வர் கிண்ணத்துல ஊத்தி ஃப்ரீசர்ல வச்சு கவுத்து எடு.

மேலூர் தம்பி (மறுபடி): அன்னைக்கு குடுத்தீங்களே அந்த நன்னாரி ஐட்டம், அது எப்படிண்ணே?

இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். விஸ்கி சவர்னு ஒரு காக்டெயில் இருக்கு, 60 மில்லி பர்பன், 20 மில்லி எலுமிச்சம்பழச் சாறு, 20 மில்லி சீனிப்பாகு. மொத தடவ இந்த அளவ படிச்சப்ப எனக்கு சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா இது தாத்தா வண்டி கணக்கு, புளிப்பும் இனிப்பும் சண்ட போடாம நிக்கணும், அவரு தண்ணி ஊத்துன எடத்துல இவங்க சரக்கு ஊத்துறாங்க. நான் சீனிப்பாகுக்குப் பதிலா நன்னாரி பாகு 15 மில்லி போடுறேன், 20 போட்டா நன்னாரி மட்டும்தான் தெரியும். கடைல விக்கிற கலர்ப்பாகு வேணாம், நாட்டு மருந்துக் கடைல வேர் வாங்கி லேசா தட்டி நடுவுல இருக்குற கட்டைய உருவிப் போட்டுட்டு, தோல மட்டும் கொதிச்ச தண்ணில ராத்திரி பூரா மூடி ஊறவச்சு, காலைல வடிகட்டி அந்தத் தண்ணில சீனி போட்டு பாகு காய்ச்சி, எறக்குறப்ப அரை மூடி எலுமிச்ச பிழியணும், இல்லன்னா ஆறுனதும் சீனி பூத்துரும். பழத்த பிழியுறப்ப கடைசி சொட்டு வரைக்கும் நசுக்காதீங்க, கசக்கும், தாத்தா இதுக்காகவே எங்க அப்பாவ மண்டைல கொட்டிருக்காரு.

திருமங்கலம் மாப்ள: ஜிகர்தண்டால பர்பன் ஊத்துனா?

விளக்குத்தூண் பக்கம் இத சத்தமா சொல்லிராத மாப்ள. ஆனா பைத்தியக்காரத்தனம் இல்ல, அமெரிக்கால நியூ ஆர்லியன்ஸ் ஊர்ல பர்பன் மில்க் பஞ்ச்னு பாலு, சீனி, வெனிலா, மேல ஜாதிக்காய் தூளு போட்டுக் குடிக்குறாங்க. சுண்டக் காய்ச்சுன பால நல்லா ஆறவச்சு எலுமிச்ச பிழியாம காய்ச்சுன நன்னாரி பாகு விட்டு 30 மில்லி பர்பன் ஊத்திப் பாரு. கடல்பாசி வேணாம், எலுமிச்ச பக்கத்துலயே வரக்கூடாது, பால் திரிஞ்சுரும்.

அலங்காநல்லூர் அண்ணன்: வெல குடுத்து வாங்குறதுக்கு நாமளே மக்காச்சோளத்த ஊறப்போட்டு காய்ச்சிட்டா என்ன?

அண்ணே, வெளையாட்டுக்குக் கூட வேணாம். வீட்ல காய்ச்சுனா ஜெயிலு. 2024ல கள்ளக்குறிச்சில மெத்தனால் விஷம் கலந்த கள்ளச்சாராயம் என்ன பண்ணுச்சுன்னு பாத்தோம்ல. அடுத்த கேள்வி.

சின்ன சித்தி: ஏன்டா, அக்கா இதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்றதில்லையா?

சொல்லாம இருக்குமா சித்தி, மொத வருசம் அம்மா என்கூட பேசல. வாரத்துல சனிக்கிழம மட்டும், ஒரே கிளாஸ், குடிச்சப்பறம் வண்டி சாவி அம்மா கைல, இதுதான் வீட்டு ஒப்பந்தம். இப்ப நன்னாரி பாகு காய்ச்சுறதே அம்மாதான், நான் காய்ச்சுனா பதம் தப்புதாம். ஆனா பாகு ரெண்டு பாட்டில்ல ஊத்தி வைக்கும், ஒண்ணுல "சர்பத்துக்கு"ன்னு பேப்பர் ஒட்டிருக்கும், இன்னொண்ணுல "அவனுக்கு".