ஓக்லஹோமா கஞ்சா உரிமம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்கள் எல்லாமே மருத்துவக் கஞ்சா உரிமம் பற்றியவை. அவற்றிலும் பெரும்பாலானவை அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைப் பற்றியவை. 2018 ஜூன் 26 அன்று அங்கே மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த 788-ஆம் வாக்கெடுப்பு ஜெயித்தபோது 2,500 டாலரும் ஒரு முகவரியும் இருந்தால் பண்ணையோ டிஸ்பென்சரியோ (கஞ்சா விற்கும் கடை) தொடங்கிவிடலாம் என்ற நிலை இருந்தது. உரிமங்களின் எண்ணிக்கைக்கு அப்போது உச்சவரம்பே கிடையாது. அந்தக் காலத்துச் செய்தியை நம்பிக்கொண்டு இன்னமும் பலர் எழுதுகிறீர்கள். ஒன்பதாயிரத்தைத் தாண்டியிருந்த பண்ணை உரிமங்களில் பெரும்பகுதி இப்போது இல்லை. பழையதை மறந்துவிட்டு மேலே படியுங்கள்.

கேள்வி: நார்மனில் நல்ல இடத்தில் ஒரு கடை காலியாகிறது. டிஸ்பென்சரி உரிமத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது?

பதில்: தடை இருக்கும்வரை விண்ணப்பிக்க முடியாது. 2022 ஆகஸ்ட் 26 முதல் புதிய பண்ணை, பதப்படுத்தும் கூடம், டிஸ்பென்சரி மூன்றுக்குமே உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு ஆண்டுக்கு என்று தொடங்கிய தடையைச் சட்டமன்றம் 2026 ஆகஸ்ட் 1 வரை நீட்டியது. தடை விலகி, உரிமம் எழுத்தில் கைக்கு வரும்வரை கடைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஓடும் கடையில் பங்கு வாங்குவதென்றால் அதற்கும் உரிமம் தரும் அமைப்பான ஓம்மாவின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் யாரோ சரி என்றார்கள் என்பது ஒப்புதல் ஆகாது.

கேள்வி: என்னிடம் உரிமத்தோடு 40 ஏக்கர் இருக்கிறது. புதுப்பிக்க எவ்வளவு கட்ட வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் கேள்விக்குத் தேவையான ஒரு விவரமும் இல்லை. வெளியில் பயிரிடுகிறீர்களா, கூடாரத்துக்குள்ளா? பூக்கும் செடிகள் எவ்வளவு பரப்பில் நிற்கின்றன? கட்டணம் பத்திரத்திலுள்ள ஏக்கருக்கு அல்ல, செடி விரிந்து நிற்கும் பரப்புக்கு. 2023 ஜூனிலிருந்து இதுதான் கணக்கு. கூரைக்குள் வளர்த்தால் 10,000 சதுர அடி வரை 2,500 டாலர், 20,000 வரை 5,000, 40,000 வரை 10,000. வெளியில் என்றால் இரண்டரை ஏக்கர் வரை 2,500, ஐந்து ஏக்கர் வரை 5,000, பத்து ஏக்கர் வரை 10,000. அதற்கு மேல் படிப்படியாக ஏறும். உங்கள் 40 ஏக்கரில் இரண்டு ஏக்கரில்தான் செடி நிற்கிறது என்றால் முதல் படிதான். அளந்துவிட்டு எழுதுங்கள்.

இன்னொன்றையும் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பண்ணை உரிமத்துக்கு 50,000 டாலர் உத்தரவாதப் பத்திரம் உண்டு. பண்ணையைக் கைவிட்டு ஓடுகிறவர்கள் விட்டுச்செல்லும் குப்பையையும் ரசாயனத்தையும் அகற்றும் செலவுக்காக வந்தது இது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து ஆண்டாவது நிலம் உங்கள் பெயரிலேயே இருந்தால் விலக்கு கிடைக்கும்.

கேள்வி: டிஸ்பென்சரி புதுப்பிப்புக் கட்டணம் எனக்கு 4,000 டாலருக்கு மேல் வந்திருக்கிறது. பக்கத்துக் கடைக்காரருக்கு 2,500-தான். பாரபட்சமா?

பதில்: இல்லை. முந்தைய 12 மாதத்தில் நீங்கள் கட்டிய மாநில விற்பனை வரியையும் 7 சதவீதக் கலால் வரியையும் கூட்டி அதில் பத்து சதவீதம். 2,500-க்குக் குறையாது, 10,000-ஐத் தாண்டாது. உங்களுக்கு வியாபாரம் அதிகம்.

கேள்வி: துல்சாவுக்கு வெளியே ஒருவர் பண்ணை வாங்குகிறார். அவர் கலிஃபோர்னியாக்காரர். உரிமத்தில் 75 சதவீதத்தை என் பெயரில் போட்டுக்கொள்வதாகவும், மாதம் 2,000 டாலர் தருவதாகவும், நான் பண்ணைப் பக்கமே வர வேண்டியதில்லை என்றும் சொல்கிறார். நான் இங்கே 12 ஆண்டாகக் குடியிருக்கிறேன். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இதைக் கேட்டு இதுவரை எத்தனை பேர் எழுதிவிட்டீர்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். நான் பதில் எழுதாமல் விட்ட ஒரு மாதத்தில் யாராவது கையெழுத்துப் போட்டிருப்பார்களோ என்ற பயத்தில்தான் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஓக்லஹோமாவில் உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தில் 75 சதவீதம் மாநிலவாசிகளின் கையில் இருக்க வேண்டும். அவர்கள் விண்ணப்பத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டு இங்கே குடியிருந்திருக்க வேண்டும், அல்லது கடந்த 25 ஆண்டில் தொடர்ந்து ஐந்து ஆண்டாவது இருந்திருக்க வேண்டும். லாபம் வெளியே போகாமல் இந்த ஊர்க்காரர்களிடமே தங்க வேண்டும் என்பதற்காக வைத்த விதி. நடந்ததோ வேறு. வெளியூர்ப் பணம் வந்து இறங்கியது. அதற்கு உள்ளூர்ப் பெயர் தேவைப்பட்டது. பெயரை வாடகைக்கு விடும் வியாபாரம் தொடங்கியது. ஒரே ஆள் நூற்றுக்கணக்கான பண்ணைகளுக்குக் காகிதத்தில் 75 சதவீத உரிமையாளராக இருந்த விவகாரம்கூட வெளியே வந்தது. இங்குள்ளவர்கள் இதைக் கோஸ்ட் ஓனர் என்கிறார்கள். நமக்குப் பினாமி என்ற சொல் தெரியும். அதன் கதி என்னவென்றும் தெரியும்.

நீங்கள் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். உரிமையாளர் நீங்கள்தான் என்று உறுதிமொழி கொடுத்து ஓம்மாவில் பதிவாகும். மாநிலப் போதைப்பொருள் தடுப்புத் துறையில் தனிப் பதிவு உண்டு, அதிலும் உங்கள் பெயர்தான். 2023 நவம்பரிலிருந்து நிலப் பத்திரம் பதியும்போதும் வாங்குகிறவர் பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அதையும் உங்களிடமே நீட்டுவார்கள். பண்ணையிலிருந்து ஒரு மூட்டை கள்ளச் சந்தைக்குப் போனால் முதலில் தேடி வருவது பதிவில் பெயர் உள்ளவரை. "நான் அந்தப் பக்கமே போனதில்லை" என்ற வாதம் உங்களைக் காப்பாற்றாது. நீங்கள் உண்மையான உரிமையாளர் இல்லை என்பதை அந்த ஒரு வாக்கியமே நிரூபித்துவிடும்.

பலர் யோசிக்காத ஒன்று வருமான வரி. நிறுவனம் கூட்டாண்மையாக வரி கட்டினால் 75 சதவீத லாபம் உங்கள் தலையில் ஏறும். கையில் வந்தது மாதம் 2,000. வருமானமாகக் காட்டப்படுவது சில லட்சமாக இருக்கலாம். அதற்கான வரி மத்திய அரசுக்கு நீங்கள் கட்ட வேண்டியது.

2021-இல் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். நம் ஊர்க்காரர், பொறியாளர், நிதானமானவர். கையெழுத்துப் போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. பண்ணை எந்தச் சாலையில் இருக்கிறது என்று கேட்டேன். தெரியவில்லை. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டேன். தெரியவில்லை. பதிவில் அவர் பெயர் மட்டும் தெளிவாக இருந்தது. அதிலிருந்து அவரை வெளியே கொண்டுவர ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அந்த ஒன்றரை ஆண்டில் அவர் தூங்கினாரா என்று அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.

2022 நவம்பரில் கிங்ஃபிஷர் கவுண்டியில் ஒரு பண்ணைக்குள் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மோசடியாகப் பெற்ற உரிமத்தில் நடந்த பண்ணை அது என்று அதிகாரிகள் சொன்னார்கள். அப்படிப்பட்ட இடத்தின் உரிமத்தில் உங்கள் பெயர் இருப்பதை நினைத்துப் பாருங்கள். ரகசியமாகத் தனி ஒப்பந்தம் போட்டுத் தருகிறேன் என்று ஒரு வக்கீல் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தனி ஒப்பந்தமே நாளைக்கு உங்களுக்கு எதிரான சாட்சி. பெயரைக் கடன் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் பண்ணைக்காரரிடம் பேசுவதற்கு முன்னால், அவரோடு தொடர்பில்லாத ஒரு குற்றவியல் வக்கீலிடம் போங்கள்.

கேள்வி: கிரீன் கார்டில் இருக்கிறேன். எட்மண்டில் நண்பரின் டிஸ்பென்சரியில் வார இறுதியில் கவுண்டரில் நிற்கலாமா? மாநிலத்தில் சட்டப்படி நடக்கும் கடைதானே?

பதில்: மாநிலச் சட்டப்படி சரி, மத்தியச் சட்டப்படி தவறு. குடியுரிமையைத் தருவது மத்திய அரசு. அங்கீகாரம் பெற்ற கடையில் வேலை பார்த்தாலும் குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தை அடிபடும் என்று 2019 ஏப்ரலிலேயே குடியேற்றத் துறை எழுத்தில் சொல்லிவிட்டது. தண்டனை தேவையில்லை, வழக்குத் தேவையில்லை. நேர்காணலில் ஒப்புக்கொண்டாலே போதும். ஹெச்1பி, ஹெச்4 விசாவில் இருப்பவர்களுக்கு இதைவிடக் கடுமை. கடைக்குக் கணக்கு எழுதுவது, பங்கு போடுவது, நோயாளி அட்டை எடுப்பது எல்லாவற்றுக்கும் முன்னால் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். உரிம வக்கீல் வேறு, குடியேற்ற வக்கீல் வேறு. நண்பரின் கடைக்கு வேறு ஆள் கிடைப்பார்.

கேள்வி: எங்கள் டிஸ்பென்சரிக்கு லாபமே இல்லை, ஆனால் மத்திய வரி மலைபோல் வருகிறது. கணக்காளர் தப்புப் பண்ணுகிறாரா?

பதில்: பெரும்பாலும் இல்லை. காரணம் மத்திய வரிச் சட்டத்தின் 280இ பிரிவு. 1982-இல் வந்தது. மத்திய அரசின் போதைப்பொருள் பட்டியல்களில் முதல் அல்லது இரண்டாம் பட்டியலிலுள்ள பொருளை விற்கும் தொழில் வாடகை, சம்பளம், விளம்பரம் எதையும் கழிக்கக் கூடாது. சரக்கின் அடக்க விலையை மட்டும் கழிக்கலாம். பத்து லட்சம் டாலர் விற்றீர்கள், சரக்கு ஆறு லட்சம், மற்ற செலவு மூன்றரை லட்சம் என்று வையுங்கள். உங்கள் கண்ணுக்கு லாபம் 50,000. வரித் துறைக்கு அது நான்கு லட்சம். கம்பெனி விகிதமான 21 சதவீதத்தில் வரி 84,000. கையிலிருந்து 34,000 போட வேண்டும். இதனால்தான் ஒழுங்காகக் கணக்கு வைக்கிற கடைகளும் மூடுகின்றன. செடி வளர்ப்பவர்களுக்கு உற்பத்திச் செலவில் பெரும்பகுதி அடக்க விலையில் சேரும், கடைக்காரருக்கு அந்த வழி குறுகல். கஞ்சாவை மூன்றாம் பட்டியலுக்கு மாற்றும் முன்மொழிவை 2024 மே மாதம் நீதித் துறை வெளியிட்டது உண்மைதான். முன்மொழிவை வைத்து யாரும் செலவைக் கழிக்கக் கூடாது. உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் இறுதி விதியைக் கணக்காளர் கையில் வைத்துக் காட்டினால் மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: கண்ணாடிச் சாடியிலிருந்து எடுத்து எடைபோட்டு விற்பதுதான் எங்கள் கடையின் அடையாளம். பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தொடரலாமா?

பதில்: கூடாது. 2025 ஜூன் 1-லிருந்து பொட்டலமாகக் கட்டியதை மட்டுமே விற்க வேண்டும். அரை கிராமுக்குக் குறையாமல், 3 அவுன்ஸுக்கு மேற்படாமல். காட்டுவதற்கு மாதிரி வைத்துக்கொள்ளலாம். சிறிய பண்ணைகளுக்கு இதனால் பொட்டலச் செலவு கூடியது. அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் பத்துப் பேர் கை பட்ட சாடியிலிருந்து, எந்தத் தொகுப்பு எந்தச் சோதனையில் தேறியது என்று தெரியாமல் ஒரு புற்றுநோயாளி வாங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். மருந்து என்று சொல்லி விற்கிறோம், மருந்தைப் போல விற்க வேண்டும்.

கேள்வி: என் கடையிலிருந்து பள்ளிக்கூடம் காரில் போனால் 1,400 அடி. அதிகாரி இடம் செல்லாது என்கிறார்.

பதில்: அதிகாரி சொல்வது சரியாக இருக்கும். பள்ளிக்கும் டிஸ்பென்சரிக்கும் இடையே இருக்க வேண்டிய 1,000 அடி என்பது நேர்கோட்டில். சாலை வளைவை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். வாடகை ஒப்பந்தத்துக்கு முன் நில அளவையாளரைக் கூப்பிட்டிருந்தால் சில நூறு டாலரில் முடிந்திருக்கும்.

கேள்வி: டாலஸில் இருக்கிறோம். ஓக்லஹோமா ஒன்றரை மணி நேரம்தான். அங்கே வாங்கி இங்கே கொண்டுவரலாமா?

பதில்: கூடாது. இரு மாநிலங்களின் எல்லையான ரெட் ரிவர் ஆற்றைத் தாண்டினால் அது மத்தியக் குற்றம், டெக்சஸில் தனிக் குற்றம். டெக்சஸுக்குச் சொந்தமாக ஒரு திட்டம் இருக்கிறது. 2025-இல் வந்த 46-ஆம் மசோதா நாள்பட்ட வலியையும் அதில் சேர்த்தது, உரிமங்களையும் மூன்றிலிருந்து 15 ஆக்கியது. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: சென்னையில் அம்மாவுக்கு மூட்டுவலி. மருத்துவ அட்டையில் வாங்கிய களிம்பையும் மிட்டாயையும் ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகலாமா?

பதில்: எடுத்துப் போகாதீர்கள். ஓக்லஹோமா அட்டை இந்திய விமான நிலையத்தில் வெறும் அட்டைதான். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் சிறிய அளவுக்கே ஓராண்டு வரை கடுங்காவல் உண்டு. நாட்டுக்குள் கொண்டுவருவது தனிக் குற்றம். அம்மாவை அங்கேயே நல்ல எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மாநில மென்பொருளில் இருக்கும் இருப்பும் அலமாரியில் இருக்கும் இருப்பும் 40 கிராம் வித்தியாசம். ஆய்வுக்கு வருவதற்குள் சரிசெய்து எழுதிவிடலாமா?

பதில்: காரணம் தெரியாமல் எண்ணை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் தராசைச் சரிபாருங்கள். பிறகு கடைசியாகச் சரியாக இருந்த நாளிலிருந்து ஒவ்வொரு பொட்டலத்தின் அடையாள எண்ணையும் ரசீதோடு ஒப்பிடுங்கள். ஈரம் காய்ந்த இழப்பா, தவறான பதிவா, திருட்டா என்று கண்டுபிடித்து, அந்தக் காரணத்தையும் தேதியையும் எழுதியே திருத்துங்கள். திருட்டு என்றால் ஓம்மாவுக்கும் போலீசுக்கும் அன்றைக்கே தெரிவியுங்கள்.