எல்லாம் பாடமாக்கிய பிள்ளைக்கு ஏன் புள்ளி குறைகிறது?

மகள் தரம் 10, குறிப்பை வரிக்கு வரி ஒப்புவிக்கிறாள், தவணைப் பரீட்சையில் மட்டும் புள்ளி வரவில்லை, ஆசிரியர் ‘சிந்தனை மட்டம் போதாது’ என்கிறார், அது என்ன மட்டம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலையில் புவியியல் படிப்பிக்கிறவன். இதே வசனத்தைப் பெற்றோரிடம் நானும் சொல்லியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆசிரியர் சொல்வது, சிந்தனையைப் படிகளாகப் பிரிக்கும் அமெரிக்கர் பெஞ்சமின் புளூமின் வகைப்பாடு. 1956இல் வந்தது. அறிவு, கிரகித்தல், பிரயோகம், பகுப்பு, தொகுப்பு, மதிப்பீடு என்று ஆறு படி. 2001இல் திருத்தியபோது தொகுப்பை ‘ஆக்குதல்’ ஆக்கி உச்சியில் வைத்தார்கள். இதோடு ஒரு வினைச்சொல் பட்டியலும் ஆசிரியர் கைகளில் சுற்றும்: ‘பெயரிடுக’ என்றால் அடிப்படி, ‘காரணம் கூறுக’ என்றால் மேலே, இப்படி. அந்தப் பட்டியலை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

ஒருமுறை ‘திருகோணமலையில் கச்சான் வறண்டு சுடுவது ஏன்? காரணம் கூறுக’ என்று வினாத்தாளில் போட்டேன். (நிலக்கடலையையும் கச்சான் என்கிற ஊர் இது, நான் சொல்வது காற்றை.) தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் ஏறி மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது, 1000 மீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை. நல்ல பகுப்பு வினா என்று எனக்குள் பெருமை. திருத்த உட்கார்ந்தால் வகுப்பு முழுக்க ஒரே விடை, சொல் மாறாமல், கரும்பலகையில் அவசரத்தில் நான் விட்ட எழுத்துப் பிழை உட்பட! முந்திய கிழமை விடையை நானே சொல்லி எழுதுவித்திருந்தேன் அல்லவா, அப்புறம் அதில் காரணம் காண என்ன இருக்கிறது, வெறும் ஞாபகம்தான். பரீட்சார்த்தி முன்பு என்ன படித்தார் என்று தெரியாமல் ஒரு வினாவை எந்தப் படியிலும் வைக்க முடியாது என்பது புளூம் குழுவின் புத்தகத்திலேயே இருக்கிற விஷயம், பட்டியலைக் கொண்டுவந்தவர்கள் அதை மட்டும் விட்டுவிட்டார்கள் போல.

அடுத்த தவணை வினாவைத் திருப்பிப் போட்டேன்: ‘ஜனவரியில் வாடை வீசும்போது மலைநாட்டின் எந்தப் பக்கம் காய்ந்திருக்கும்?’ வாடை என்றால் வடகிழக்கிலிருந்து வரும் பருவக்காற்று. இது குறிப்பில் இல்லை. நன்றாக ஒப்புவிக்கிறவர்களில் பலர் கச்சானையே மறுபடி எழுதிவைத்தார்கள். வழக்கமாக இருபது புள்ளியைத் தாண்டாத ஒரு பெடியன், தகப்பன் கடலுக்குப் போகிறவர், மேற்குப் பக்கம் என்று சரியாக எழுதிவிட்டு, அந்த மாதங்களில் மேற்குக் கடல் அமைதி, நீர்கொழும்புப் பக்கமிருந்து வந்து இங்கே வாடி (மீன்பிடிக் கொட்டில்) போட்டவர்கள் அதற்கு முன்பே திரும்பிவிடுவார்கள் என்றும் சேர்த்திருந்தான். எழுத்துப் பிழை நிறைய. என் புள்ளித் திட்டத்தில் வாடிக்கு இடமே இல்லை, இருந்தாலும் முழுப் புள்ளி போட்டேன்.

இதற்காகப் பாடமாக்குவதை நிறுத்திவிடாதீர்கள். ஏறும் காற்று குளிரும், இறங்கும் காற்று சூடாகும் என்பது தலையில் இல்லாமல் அவனும் அங்கே போயிருக்க முடியாது. மகள் ஒப்புவித்து முடித்ததும் குறிப்பில் ஒன்றை மாற்றிக் கேளுங்கள், அவ்வளவுதான். நடுவில் மலையே இல்லாவிட்டால் கச்சான் எப்படி இருக்கும்? திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் சூடு ஒரே அளவில்லை, ஏன் என்று கண்டுபிடிக்க முதலில் எதை அளப்பாய்? திக்கித் திணறுவாள், திணறட்டும், உடனே விடையை எடுத்துக் கொடுக்காதீர்கள். கடந்தகால வினாத்தாள்களும் அப்படித்தான், விடையோடு சேர்த்து வாசித்தால் அதுவும் இன்னொரு குறிப்புக் கொப்பி ஆகிவிடும், விடைப் பக்கத்தைக் கிழித்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.