கசகசாவைக்கூட எடுத்துப் போகாதே தம்பி

தம்பி, நீ கேட்டது மூன்று கேள்வி. அடுத்த மாதம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாய். டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையைக் கொண்டுபோகலாமா என்பது ஒன்று. நீ தங்கப்போகிற அறையில் ஒருத்தன் 'எப்பவாவது' கஞ்சா அடிப்பான் என்று கேள்விப்பட்டாயாம், அதனால் உனக்கு ஏதாவது வருமா என்பது இரண்டு. அப்புறம், "அங்க சட்டம் நிஜமாவே அவ்ளோ கடுமையாண்ணா, இல்ல சும்மா பில்டப்பா?" மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். பில்டப் இல்லை.

நான் போனது 2011-ல். அப்போதெல்லாம் விமானத்திலேயே ஒரு வெள்ளை அட்டை கொடுத்து நிரப்பச் சொல்வார்கள், அதில் போதைப்பொருள் கடத்தினால் மரண தண்டனை என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். இப்போது அந்த அட்டையை ஆன்லைனில் நிரப்பிவிடுவதால் அந்தச் சிவப்பு எழுத்து கையில் வருவதில்லை. பயமும் வருவதில்லை போல.

கணக்கைச் சொல்கிறேன், நீயே ஒப்பிட்டுப் பார். இந்தியாவில் 1985-ல் வந்த என்.டி.பி.எஸ். என்கிற போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் ஒரு கிலோ கஞ்சா வரைக்கும் 'சிறிய அளவு', அதிகபட்சம் ஓராண்டு சிறையோ பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, அல்லது இரண்டுமோ. சிங்கப்பூரின் 1973-ஆம் வருடச் சட்டத்தில் 15 கிராமைத் தாண்டி வைத்திருந்தாலே விற்கத்தான் வைத்திருந்தாய் என்று எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீ. கடத்தல் என்று முடிவானால் குறைந்தது 5 ஆண்டு சிறை, 5 பிரம்படி. 500 கிராமைத் தாண்டினால் தூக்கு. அதாவது நம் ஊர்ச் சட்டம் சிறிய அளவு என்று சொல்வதில் பாதி. ஹெராயின் என்றால் 15 கிராமுக்கு மேல் போனாலே தூக்குதான், நாலு ஸ்பூன் சர்க்கரை எடை. 2023 ஏப்ரலில் தங்கராஜு சுப்பையா என்பவரைத் தூக்கிலிட்டார்களே, அந்த வழக்கில் ஒரு கிலோ கஞ்சா அவர் கையில் பிடிபடவே இல்லை, போன் நம்பர்களை வைத்துத்தான் அவரைத் தொடர்புபடுத்தினார்கள். தூக்குத் தண்டனையில் எனக்கு உடன்பாடு கிடையாது, இதை அங்கே உள்ள நண்பர்களிடம் பேசி சண்டையே வந்திருக்கிறது. ஆனால் அது என் கருத்து, உன் பெட்டியைத் திறக்கிறவருக்கு அது தேவையில்லை.

அறை விஷயம். இதுதான் நீ நிஜமாகப் பயப்பட வேண்டியது, நீயோ இதை இரண்டாவதாகப் போகிற போக்கில் கேட்டிருக்கிறாய். நான் போன புதிதில் சிங்கப்பூரில் நம்மாட்கள் கூடுகிற தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் ஆறு பேர் தங்கியிருந்தோம், எல்லோரிடமும் ஒரே சாவி, பொது அலமாரி ஒன்று. ஒருநாள் விடிகாலை ஐந்து மணிக்குக் கதவு தட்டினார்கள். அலமாரியின் மேல்தட்டில், ஈரத் துண்டுக்குப் பின்னால், ஒரு சின்ன பொட்டலம். என்னுடையது இல்லை, யாருடையது என்று எனக்கு அப்போது தெரியவும் தெரியாது. ஆறு பேரையும் வண்டியில் ஏற்றினார்கள். சிறுநீர் எடுக்கும்போது ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார், கொடுக்க மாட்டேன் என்றால் அதுவே தனிக் குற்றம். எனக்கு பயத்தில் வரவே இல்லை, மூன்று கப் தண்ணீர் குடித்தபிறகுதான் வந்தது. சாயங்காலம் என்னை விட்டுவிட்டார்கள். சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? போதைப்பொருள் இருக்கும் இடத்தின் சாவி உன்னிடம் இருந்தால் அந்தப் பொருளே உன்னிடம் இருந்ததாக அர்த்தம், இல்லையென்றால் நீ மறுத்து நிரூபி. அறையில் ஒருத்தன் வைத்திருப்பது தெரிந்தும் நீ ஒத்துக்கொண்டு இருந்தால் அது உன்னுடையதும்தான். நீ ஏற்கெனவே தெரிந்துகொண்டுதான் அந்த அறைக்குப் போகிறாய், அதையும் எழுத்தில் என்னிடம் கேட்டு வைத்திருக்கிறாய்! வாடகை ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடுதலானாலும் பரவாயில்லை, வேறு இடம் பார். அட்வான்ஸ் போனால் போகட்டும்.

சிறுநீரில் வந்துவிட்டால் நீ உட்கொண்டாய் என்றே வைத்துக்கொள்வார்கள், பத்து ஆண்டு வரை சிறை, இல்லை 20,000 வெள்ளி வரை அபராதம், இல்லை இரண்டும். உன் வேலை பாஸ் அதோடு போச்சு. நிரந்தரவாசி ஆகிவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைக்காதே, அப்போது இன்னும் மோசம்: குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போய் இழுத்துவிட்டு வந்தாலும் சிங்கப்பூரில் குற்றம். தாய்லாந்தில் 2022-ல் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தபோது என் ஆபீஸில் பாங்காக் பயணத்துக்கு ஒரு கூட்டமே கிளம்பியது, நான் கடல் உணவு சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

வேப், அதாவது மின்சிகரெட், பழக்கம் இருந்தால் இங்கேயே விட்டுவிடு. 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே அங்கே குற்றம், 2025 செப்டம்பரில் அதில் கலக்கும் எட்டோமிடேட் என்கிற மயக்க மருந்தையும் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் சொல்லிவிட்டு வரி கட்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வருகிறவனிடம் "களைப்பு தெரியாதுடா" என்று எவனாவது ஐஸ் என்கிற மெத்தாம்ஃபெட்டமின் போதைப்பொருளை நீட்டுவான். இரண்டு நாள் தூக்கம் வராது, பசி வராது, மூன்றாம் நாள் கூடப் படுத்தவன் எல்லாம் தன்னைக் கொல்ல வருவதாகத் தோன்றும். எனக்கு இதில் கொஞ்சம் கோபம் அதிகம், காரணம் இங்கேயே இருக்கிறது. சென்னை புளியந்தோப்பில் என் பெரியம்மா பையன் வலி மாத்திரையை ஊசியாகப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். மாத்திரையில் இருக்கும் மாவு ரத்தக் குழாயை அடைத்து, இரண்டு முழங்கையும் கயிறு மாதிரி தடித்து, ஒரு இடத்தில் சீழ் வைத்தது. வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டைதான் போடுவான். பெரியம்மா அவனை இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார், 1980-லிருந்து இதற்காகவே இருக்கிற இடம். முதல் வாரம் உடம்பு முறுக்கி, மூக்கு ஒழுகி, அம்மாவையே அடிக்கப் போனான். இப்போது ஆட்டோ ஓட்டுகிறான், நேற்றுகூட வந்திருந்தான். இங்கே விழுந்தால் தூக்கிவிட ஆளுண்டு, 14446-க்கு போன் போட்டால்கூட வழி சொல்வார்கள். அங்கேயும் மறுவாழ்வு மையம் உண்டு, ஆனால் வேலை பாஸில் போன உனக்கு அது இல்லை என்றே நினைத்துக்கொள்.

மாத்திரைக்கு வருகிறேன். கொண்டுபோகலாம், ஆனால் சும்மா பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதே. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, கோடீன் கலந்த இருமல் டானிக், டிராமடால் மாதிரி வலி மாத்திரை, இதெல்லாம் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. மருந்தையும் அளவையும் பொறுத்து சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அவர்கள் இணையதளத்தில் மருந்தின் பெயரைப் போட்டுப் பார்த்து, கிளம்புவதற்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும்போதே விண்ணப்பி. மூன்று மாதத்துக்கு மேல் எடுக்காதே. மெடிக்கல் ஷாப்பில் கத்தரித்துக் கொடுக்கும் துண்டு அட்டை வேண்டாம், மருந்தின் பெயர் தெரிகிற முழு அட்டையாக வாங்கு, டாக்டரிடம் சீல் போட்ட கடிதம் ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்.

கடைசியாக, பார்சல். இதை நீ கேட்கவில்லை, ஆனால் இப்போது என் கண் முன்னால் நடந்துகொண்டிருக்கிறது. பெரம்பூரில் அம்மா வீட்டுக் கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், ஞாயிறு ராத்திரி ஃப்ளைட். எதிர்வீட்டு அக்கா தன் பையனுக்கு என்று துணிப்பையில் தைத்தே கொண்டுவந்து கொடுத்தார். "அக்கா, கோபிச்சுக்காதீங்க" என்று சொல்லி அவர் முன்னாலேயே பிரித்தேன். முறுக்கு, பருப்புப் பொடி, ஒரு மஞ்சள் பையில் கால் கிலோ கசகசா, அதற்கும் அடியில் நாலு பாக்கெட் ஹான்ஸ். ஹான்ஸை அவர் பையனே போனில் கேட்டிருக்கிறான், வாயில் அடக்கும் புகையிலை அங்கே தடை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். கசகசாதான் அக்காவுக்குப் புரியவே இல்லை. "குருமாக்குப் போடுறதுதானேப்பா?" ஆமாம் அக்கா, ஆனால் அது அபினிச் செடியின் விதை, அங்கே உள்ளே விடமாட்டார்கள், துபாயிலும் அப்படித்தான். அவர் முகம் சுருங்கிப்போனது. முறுக்கையும் பொடியையும் என் பெட்டியில் வைத்துக்கொண்டேன், புகையிலையை அக்காவே திட்டிக்கொண்டு திரும்ப எடுத்துப் போனார், கசகசாவை அம்மா வாங்கி டப்பாவில் கொட்டிவிட்டார். நாளைக்குக் காலையில் இடியாப்பமும் குருமாவும்.