மதம் இல்லாமல் ஒழுக்கமாக வாழ முடியுமா?

மனிதன் ஒழுக்கமாக வாழ மதம் அவசியமா, மதம் போய்விட்டால் சமூகம் சிதறிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதல் கேள்விக்கு என் பதில், அவசியமில்லை. இரண்டாவதற்கு அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். என் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நிறையவே நடந்திருக்கிறது.

மதம் வேண்டும் என்பவர்கள் முதலில் கையில் எடுப்பது பயத்தைத்தான். மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் போனால் யார் யோக்கியமாக இருப்பார்கள் என்று கேட்பார்கள். 'பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்' என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்! ஆனால் பொய் சொன்ன பிறகும் கண் பத்திரமாகத்தான் இருக்கிறது என்று குழந்தைக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். அதற்காக எல்லாக் குழந்தைகளும் பொய்யர்களாக வளர்ந்துவிடுவதில்லை. கிள்ளினால் தம்பி அழுகிறான், அந்த அழுகையைப் பார்க்கத் தன்னால் முடியவில்லை என்பதெல்லாம் சாமி என்றால் என்னவென்று புரிவதற்கு முன்பே குழந்தைக்குத் தெரிகிறது. எங்கள் மகளிடம் நாங்கள் இருவரும் சொல்லும் காரணம் 'அவனுக்கு வலிக்கும்ல' என்பதுதான். பக்தியுள்ள என் மனைவிக்கும் அதற்கு மேல் ஒரு காரணம் தேவைப்பட்டதில்லை.

சொர்க்கத்துக்காகச் செய்யும் நல்லதைப் பழந்தமிழ்ப் புலவர்கள் பெரிதாக மதித்ததாகத் தெரியவில்லை. 'நல்லாறு எனினும் கொளல்தீது மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று' என்கிறது 222-ஆவது குறள். மேலுலகமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கொடுப்பது நல்லதுதான். புறநானூற்றின் 134-ஆம் பாட்டு இன்னும் கறாரானது. ஆய் என்ற வள்ளலைப் புகழவந்த முடமோசியார், இங்கே கொடுத்தால் மறுமையில் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிற 'அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்' என்கிறார். சான்றோர் போன வழி இது, அதனால் கொடுக்கிறான். குறள் கடவுள் வாழ்த்தோடுதான் தொடங்குகிறது, அதை நான் மறைக்கவில்லை. மறுமையை நம்பிய காலத்திலேயே அதைத் துணைக்கு அழைக்காமல் அறத்துக்குக் காரணம் சொல்ல முடிந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

இதைவிட வலுவான சாட்சி மதத்துக்குள்ளேயே இருக்கிறது. ராமானுஜரைப் பற்றி வைணவ மரபு சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருக்கோட்டியூர் நம்பியிடம் பலமுறை நடையாய் நடந்து மந்திரத்தின் பொருளைக் கேட்டறிகிறார். வெளியே சொன்னால் நரகம் என்பது குருவின் கட்டளை. அவரோ கோபுரத்தில் ஏறி ஊரையே கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார். நான் ஒருவன் நரகம் போய் இத்தனை பேர் உய்ந்தால் போதும் என்பது அவர் பதில். அவர் நரகத்தை நம்பாதவர் அல்ல, நிஜமாகவே நம்பியவர். குருவின் கட்டளை, நரக பயம் இரண்டும் ஒரு பக்கம் இழுக்க, பிறர் மேலுள்ள இரக்கம் இன்னொரு பக்கம் இழுத்தது. அவர் இரக்கத்தின் பக்கம் போனார். அப்படிப் போனதற்காகத்தான் அவரை இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். அப்படியென்றால் எது சரி என்று தீர்மானித்தது எது?

1939-இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துப் போனபோதும் இதே கதைதான். அவர் பக்திமான். பூஜை செய்ய மறுத்த பட்டர்களும் பக்திமான்கள்தான். கும்பிட்டது ஒரே மீனாட்சியை. யார் செய்தது நியாயம் என்று இன்று நமக்குச் சந்தேகமே இல்லை. ஆகமத்தைப் புரட்டிப் பார்த்தா அந்த முடிவுக்கு வந்தோம்? மதத்தில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று தேர்ந்தெடுக்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு அளவுகோல் இருக்கிறது.

சரி, மதத்தை ஒழித்த நாடுகள் என்ன கிழித்தன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1967-இல் அல்பேனியா மசூதிகளையும் சர்ச்சுகளையும் மூடி, தன்னை நாத்திக நாடு என்று அறிவித்துக்கொண்டது. ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததற்காக ஒரு பாதிரியாரைச் சுட்டுக் கொன்றது அந்த ஆட்சி. நம்பிக்கை இல்லாததால் மட்டும் யாரும் நல்லவராகிவிடுவதில்லை. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. என் அப்பா இறந்த அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் கை கால் ஓடவில்லை. ஆனால் தெருவுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது. பந்தல் போட்டார்கள். அடுப்பு எரியாத வீட்டுக்குப் பக்கத்திலிருந்து காபி வந்தது. உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவரும் நீர்மாலைக்கு யார் போவது, கோடித்துணி யார் போடுவது என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல நாங்கள் செய்தோம். சம்பந்தி வீட்டார் சாப்பாடு போட்டார்கள். அந்தச் சடங்குகளின் பின்னாலுள்ள நம்பிக்கை எதுவும் எனக்கு இல்லை. ஆனால் அவை இல்லாமல் அந்த நாளை எப்படிக் கடந்திருப்போம் என்று எனக்குத் தெரியாது.

டென்மார்க்கில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் பெரும்பான்மையோர் இன்னும் சர்ச்சில் உறுப்பினர்கள்தான், அடக்கமும் பெரும்பாலும் சர்ச் வழியில்தான் நடக்கிறது. நம்பிக்கை கரைந்த பிறகும் இந்தத் தேவை கரையவில்லை.

சுயமரியாதை இயக்கத்துக்கு இது புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். புரோகிதர் வேண்டாம் என்று சொன்னதோடு நிற்காமல் 1928-இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் தொடங்கி ஒரு திருமண முறையையே உருவாக்கினார்கள். அது செல்லாது என்று 1950-களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1967-இல் அண்ணா ஆட்சி சட்டம் கொண்டுவந்து, பழைய திருமணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கியது. மாலை மாற்றி, உறுதிமொழி சொல்லி நடக்கும் கல்யாணத்தை இன்று யாரும் குறையாகப் பார்ப்பதில்லை.

சாவுக்கு அந்த அளவுக்கு ஒரு முறை இன்னும் உருவாகவில்லை. படத்திறப்பு வைக்கிறார்கள், இறந்தவரைப் பற்றி நண்பர்கள் பேசுகிறார்கள், அது நல்ல வழக்கம். ஆனால் அதற்கு முந்தைய நாட்களில், முக்கியமாக முதல் ராத்திரியில், அந்த வீட்டோடு யார் இருப்பது, யார் சமைப்பது, யார் எதைச் செய்வது? உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டு வந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் வெறுமனே உட்கார்ந்திருந்த ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். என்னைப்போல மதத்தை விட்டவர்கள்தான் இதை யோசித்து உருவாக்க வேண்டும். எங்கள் நண்பர்கள் வட்டத்தில் இப்போது யார் வீட்டில் சாவு விழுந்தாலும் இரண்டு பேர் அங்கேயே தங்குகிறோம், மற்றவர்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோகிறார்கள்.