கணக்கியல் படிக்காமல் வரிச் சட்டப் பேராசிரியராக முடியுமா?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எல்எல்பி முடித்து ஆர்ட்டிகிள்ஸ் (வழக்கறிஞராவதற்கான பயிற்சி) செய்கிறீர்கள், வரிக் கொள்கையில் பேராசிரியராக ஆசை, ஆனால் கணக்கியல் படிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாக முடியும். லாப நட்டக் கணக்கை வாசிக்கும் அளவுக்குத் தெரிந்தால் போதும், அதை மாலை வகுப்பில் கற்றுக்கொள்ளலாம்.

ஆர்ட்டிகிள்ஸைப் பாதியில் விடாதீர்கள். முடித்துவிட்டு வரிச் சட்டத்தில் எல்எல்எம் (சட்ட முதுகலை), அப்புறம் முனைவர் பட்டம்.

வரிக் கொள்கை என்பது சட்டப் பிரிவுகளோடு முடிவதில்லை. யார் தலையில் சுமை விழுகிறது என்பதுதான் கேள்வி. நம் ஊர் வரலாறே பாடம். கரும்புத் தோட்டம் போன்ற இடங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்து, ஒப்பந்தம் முடிந்தும் நாட்டாலில் (டர்பன் இருக்கும் பகுதி) தங்கிய நம் முன்னோர் மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி போட்டார்கள். அது கருவூலத்தை நிரப்ப என்பதைவிட, அவர்களை மறுபடி ஒப்பந்தத்தில் சேரவோ ஊர் திரும்பவோ வைக்க. 1914இல்தான் ஒழிந்தது. இன்றைக்கு வாருங்கள்: 2018இல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) 14இலிருந்து 15 சதவீதமானது. ஏழைகளுக்கு வலிக்குமே என்று ஒரு நிபுணர் குழு ஆராய்ந்த பிறகு, 2019 ஏப்ரலில் ரொட்டி மாவு, கேக் மாவு, சானிட்டரி பேட் மூன்றுக்கும் வரி பூஜ்யமானது. குழுத் தலைவர் இங்கிரிட் வூலார்ட் பொருளாதார நிபுணர். ஆகவே பொருளாதாரத் துறைக்காரர்களோடு பழகுங்கள், கணக்கியலைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

கருவூலமும் சார்ஸும் (வரி வசூலிக்கும் வருவாய்த் துறை) ஆண்டுதோறும் வரிச் சட்டத் திருத்த வரைவுகளை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கின்றன. இப்போதே ஒரு பிரிவை எடுத்து நான்கு பக்கம் எழுதி அனுப்புங்கள். எல்எல்எம் விண்ணப்பத்தோடு அதையும் இணைக்கலாம்.